பெட்ரோல் டேப்பின் கதை

"ஸ்டார்ட் ஆகுதுங்க. ரெண்டு கிலோமீட்டர் நல்லா போகுது. அப்புறம் மூச்சு வாங்கி நின்னுடுது. பத்து நிமிஷம் ஓரமா நிறுத்தி வச்சா மறுபடியும் ஓடுது. மறுபடியும் ரெண்டு கிலோமீட்டர்தான்."

பழைய புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு தடவையாவது இதைச் சொல்லியிருப்பாங்க. இப்ப சென்னை, கோயம்புத்தூர்ல இருந்து பசங்க கிராமம் கிராமமா வந்து, மாட்டுக் கொட்டகையில சாய்ஞ்சு கிடக்குற வண்டியை வாங்கிட்டுப் போறாங்க. பெயிண்ட் அடிக்கிறாங்க, சைலன்சருக்குக் குரோம் போடுறாங்க. வண்டி நடுரோட்டுல நின்னா உடனே கார்ப்ரேட்டரை மாத்திடுறாங்க. நின்னது கார்ப்ரேட்டராலதானான்னு பாக்குறவங்க கம்மி.

எங்க பெரம்பலூர்ப் பக்கம் இந்த ஒரே நோய் நாலு தலைமுறை வண்டிகளுக்கு வந்திருக்கு. நோய் ஒண்ணுதான், ஆனா காரணம் காலத்துக்கு ஒண்ணா மாறிக்கிட்டே வந்திருக்கு. ஊருக்குள்ள பெட்ரோல் எப்படி வந்துச்சு, அதுல யார் எதைக் கலந்தாங்க, வண்டியில எதை ஏத்துனோம், எல்லாமே அந்த அடைப்புல தெரியும்.

முதல்ல பெட்ரோல் ஓடுற பாதையைச் சொல்லிடுறேன். பழைய வண்டியில பம்பு கிடையாது. டேங்க் மேல, கார்ப்ரேட்டர் கீழ, நடுவுல ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாண் பெட்ரோலோட கனம்தான் அதைக் கீழ தள்ளுது. மேட்டுத் தொட்டியில இருந்து வாய்க்காலுக்குத் தண்ணி விடுற மாதிரிதான். வாய்க்கால்ல ஒரு பிடி செத்தை கிடந்தாலும் கடைமடைக்குத் தண்ணி போகாது இல்லையா, இங்கயும் அதே கணக்கு. பெட்ரோல் டேங்க்ல இருந்து டேப், டேப்புல இருந்து ரப்பர் டியூப், டியூப்ல இருந்து கார்ப்ரேட்டர் கிண்ணம். கிண்ணத்துல ஒரு மிதவை. கிண்ணம் நிறைஞ்சா மிதவை மேல வந்து ஒரு ஊசியால வழியை அடைக்கும், குறைஞ்சா கீழ இறங்கித் திறந்து விடும். மாட்டுத் தொட்டிக்கு பால் வால்வு போட்டிருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிண்ணத்துக்கு அடியில பித்தளை ஜெட். அதுல ஊசி முனை அளவு ஓட்டை. இஞ்சின் இழுக்குற காத்து அந்த ஓட்டை வழியா பெட்ரோலை உறிஞ்சிக்கிட்டுப் போகுது. இந்த மாதிரி தெளிக்கிற கார்ப்ரேட்டரை 1890களிலேயே ஜெர்மனியில மேபாக், ஹங்கேரியில பாங்கியும் சோன்காவும் செஞ்சுட்டாங்க. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல மோட்டார் சைக்கிளுக்கு அதோட அடிப்படை மாறவே இல்ல.

அப்ப ஓடிட்டு நிக்கிற வண்டிக்கு என்ன அர்த்தம்? கிண்ணத்துல இருக்குற கொஞ்சூண்டு பெட்ரோல்ல வண்டி ஓடுது. செலவாகுற வேகத்துக்கு மேல இருந்து வரல. நிறுத்தி வச்சா சொட்டுச் சொட்டா இறங்கி மறுபடி நிறையுது. அதனால சந்தேகம் டேங்க்ல ஆரம்பிச்சு கீழ இறங்கணும். கார்ப்ரேட்டர் கடைசி.

நம்ம நாட்டுல வண்டிகள் வந்த வரிசை இது. 1955ல் மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்குனாங்க, திருவொற்றியூர்ல இருந்து புல்லட் வர ஆரம்பிச்சுது. 1961ல் மைசூர்ல ஐடியல் ஜாவா, பின்னாடி அதுவே யெஸ்டின்னு பேர் மாறுச்சு. அடுத்த வருஷம் எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து வண்டி ஒண்ணை வச்சு ராஜ்தூத் கொண்டு வந்தாங்க. எங்க ஊர் மாதிரி கரிசக்காட்டு ஊருல அன்னைக்கு மோட்டார் சைக்கிள்னா ஊருக்கு ஒண்ணு, ரெண்டுதான். பருத்தி வியாபாரி வச்சிருப்பார், இல்ல பெரிய பண்ணைக்காரர் வச்சிருப்பார். பாக்கி எல்லாருக்கும் சைக்கிளும் மாட்டு வண்டியும்தான்.

பெட்ரோல் பங்க் டவுன்ல. கிராமத்துக்குப் பெட்ரோல் கேன்ல வரும், இல்ல பேரல்ல வரும். பெட்டிக்கடையில கலர் பாட்டில்ல ஊத்தி வாசல்ல வரிசையா வச்சிருப்பாங்க. பேரலுக்கு அடியில துருவும் தண்ணியும் எப்பவும் இருக்கும். கப்பி ரோட்டுப் புழுதி வேற. அதனால அந்தக் காலத்து ஆளுங்க டேங்க் மூடியைத் திறந்து பழைய வேட்டித் துணியை நாலா மடிச்சுப் போட்டு, புனல் வச்சுத்தான் ஊத்துவாங்க. பாக்குறதுக்குப் பால் வடிகட்டுற மாதிரி இருக்கும்.

அப்படி வடிகட்டியும் தப்பிச்சது போக மிச்சம் டேங்க் அடியில தங்கும். இங்கதான் ரிசர்வ் சங்கதி வருது. டேப்புக்கு மேல டேங்குக்குள்ள ரெண்டு வழி இருக்கும். ஒண்ணு நெட்டையான குழாய், இன்னொண்ணு குட்டை. சாதாரணமா 'ஆன்'ல வச்சா நெட்டைக் குழாய் வழியா மேல இருக்குற தெளிஞ்ச பெட்ரோல் வரும். மட்டம் அதுக்குக் கீழ போனதும் வண்டி நிக்கும். அப்ப 'ரிசர்வ்'க்குத் திருப்பினா குட்டைக் குழாய் அடியில இருக்கிறதை எடுக்கும். அடியில இருக்கிறதுன்னா பெட்ரோல் மட்டுமில்ல, தண்ணியும் துருவும் மண்ணும் சேர்த்துத்தான். நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி ரிசர்வ்ல போட்டதும் மக்கர் பண்ணுதுன்னா, நோய் டேங்க் அடியில இருக்குன்னு மெக்கானிக் வராமலேயே சொல்லிடலாம். டேப்புக்கு அடியில சின்னதா ஒரு கிண்ணம் இருக்கும். அதைக் கழட்டிக் கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வெளிச்சத்துல பிடிச்சா, தண்ணி தனியா அடியில உருண்டு நிக்கும்.

இங்கிலாந்து பாணி டேப்புகள்ல ரப்பருக்குப் பதிலா தக்கை வச்சிருப்பாங்க. வண்டியை ரெண்டு மாசம் ஓட்டாம, டேங்க் காலியா விட்டா தக்கை காஞ்சு சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும். புதுத் தக்கை கிடைக்காத காலத்துல, கழட்டிச் சுடுதண்ணியில போட்டு ஊற வச்சு, உப்பினதும் திருப்பி மாட்டுவாங்க. இப்ப யூடியூப்ல வெள்ளைக்காரங்க இதைச் செய்யுறதைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும். எங்க பக்கத்து டவுன் மெக்கானிக் ஒருத்தர் டீக்கடை பாய்லர்லயே அதை முடிச்சுடுவார்.

அடுத்தது எண்ணெய்க் காலம். ஜாவா, ராஜ்தூத் எல்லாம் டூ ஸ்ட்ரோக். இஞ்சினுக்கான ஆயிலைப் பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும். 1980ல் ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்துச்சு. ரெண்டு பேர் உக்காந்து போகுற முதல் மொபெட். அதோட எங்க ஊர்ல வண்டிங்கிறது பண்ணைக்காரர் வாசலை விட்டு பால்காரர் வாசலுக்கு வந்துச்சு. அதுக்கும் ஆயில் கலக்கணும். ஆயில் கலந்த பெட்ரோல் கிண்ணத்துல கிடந்தா பெட்ரோல் மட்டும் ஆவியாப் போயிடும், ஆயில் மிஞ்சும். வாரக்கணக்குல நின்னா அது பிசினா மாறி ஜெட் ஓட்டையை மூடிடும். சொட்டுநீர்க் குழாயில உப்பு பிடிச்சு ஓட்டை அடைக்குதே, அதே மாதிரி.

இதுக்கு மருந்து மெக்கானிக் கடையில இல்ல, பழக்கத்துல இருந்துச்சு. வீடு வர்றதுக்குக் கொஞ்ச தூரம் முன்னாடியே டேப்பை அடைச்சுடுவாங்க. கிண்ணத்துல இருக்கிறது தீர்ற நேரமும் வண்டி வாசலுக்கு வர்ற நேரமும் சரியா இருக்கும். எந்தப் புளியமரத்துக்கிட்ட டேப்பை மூடணும்னு அவங்கவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். இப்ப பழைய வண்டி வாங்குற தம்பிகளுக்கு நான் முதல்ல சொல்றது இந்தப் பழக்கத்தைத்தான். ஓட்டுறது ஞாயித்துக்கிழமை மட்டும்னா இது ரொம்பவே அவசியம்.

ஜெட்டை வாயில வச்சு ஊதுறதும், டேங்க்ல டியூப் விட்டு வாயால உறிஞ்சுறதும் அப்ப சாதாரணம். 2000 பிப்ரவரி வரைக்கும் நாட்டுல பல இடங்கள்ல விற்ற பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சுங்கிறது அந்த மெக்கானிக்குகள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஈயம் போனாலும் பெட்ரோல் விஷம்தான், வாயில வைக்காதீங்க. ஜெட்டைக் கம்பியால குத்தவும் செய்யாதீங்க, ஓட்டை பெருசாயிட்டா மைலேஜ் போயிடும். காத்தடிச்சு எடுக்கலாம், இல்ல ஒரே ஒரு மெல்லிய செம்பு இழையால எடுக்கலாம்.

எண்பதுகளோட நடுவுல ஜப்பான் கூட்டுல வண்டிகள் வந்துச்சு. 1984ல் ஓசூர்ல இருந்து இந்த் சுசுகி, 1985ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100. சிடி 100க்கு ஆயில் கலக்க வேண்டாம். ஆர்எக்ஸ்ல ஆயிலுக்குத் தனி டேங்க். எண்ணெய் அடைப்பு கம்மியாச்சு. அதோட வண்டி எண்ணிக்கை கூடிப் போய், அதை நாங்க ஓட்டுன விதம்தான் புது நோயைக் கொண்டு வந்துச்சு. சிடி 100ல ரெண்டு பக்கமும் பால் கேன், டேங்க் மேல தீவன மூட்டை. ஜப்பான்காரன் இதையெல்லாம் கணக்குல வச்சிருக்க மாட்டான்.

டேங்க் மூடியில ஒரு சின்னக் காத்து வழி உண்டு. உள்ள பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காத்து வரணும். மூட்டைப் புழுதியும் தவிட்டுத் தூசியும் அதை அடைக்கும். மழைக்குத் தண்ணி போகாம இருக்க மூடி மேல பாலிதீன் பையைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டாலும் அடைக்கும். அடைஞ்சா உள்ள வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. இது நடக்க ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆகும், அதனாலதான் ஸ்டார்ட் பண்ணும்போது எந்தக் குறையும் தெரியாது. வண்டி நின்ன உடனே மூடியைத் திறங்க. 'புஸ்'ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டு, உடனே ஸ்டார்ட் ஆனா, காரணம் மூடிதான். காசு செலவே இல்லாத சோதனை இது. கார்ப்ரேட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்கன்னு கேட்டுக்குறேன்.

மூடி சரியா இருந்தா அடுத்தது டேப். இஞ்சின் ஆறினதும், பக்கத்துல பீடி சிகரெட் இல்லாத இடமாப் பாத்து, கார்ப்ரேட்டர் பக்கம் டியூப்பைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு டேப்பைத் திறங்க. நூல் அறாம ஒரே சீரா கொட்டணும். முதல்ல வேகமா வந்து போகப் போக மெலிஞ்சா மறுபடி மூடியைச் சந்தேகப்படுங்க. ஆரம்பத்துல இருந்தே சொட்டினா டேப் சல்லடையில அடைப்பு. நல்லா கொட்டுது, ஆனா வண்டி நிக்குதுன்னா அப்பத்தான் மிதவை ஊசி, ஜெட்னு கீழ போகணும்.

தொண்ணூறுகள்ல எங்களை ஏமாத்துன நோய் ஒண்ணு இருந்துச்சு, அது அடைப்பே இல்ல. மண்ணெண்ணெய். ரேஷன் மண்ணெண்ணெய்க்குப் பெட்ரோலை விட விலை ரொம்பக் கம்மி. அதுக்கு நீலச் சாயம் போட்டதே கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான். ஆனாலும் கலந்தாங்க. கலந்த பெட்ரோல் போட்டா காலையில ஸ்டார்ட் ஆகாது, மேட்டுல இழுக்காது, புகையும், பிளக் கரி பிடிக்கும். பாக்குறதுக்குப் பெட்ரோல் வராத மாதிரியே இருக்கும். ஜெட்டை எத்தனை தடவை கழட்டிச் சுத்தம் பண்ணினாலும் சரியாகாது, ஏன்னா பெட்ரோல் வருது, ஆனா வர்றது பெட்ரோல் இல்ல. பாட்டில் சோதனையில நல்லா கொட்டி, ஜெட்டும் சுத்தமா இருந்து, வண்டி இழுக்கலைன்னா வேற பங்க்ல ஒரு லிட்டர் போட்டுப் பாருன்னு மெக்கானிக்குங்க சொல்றது அந்தக் காலத்துல வந்த புத்தி.

இதைச் சின்னத் திருட்டுன்னு நினைச்சுடாதீங்க. 2005 நவம்பர்ல உத்தரப் பிரதேசத்துல லக்கிம்பூர் கேரி பக்கம், கலப்படம் பண்ணின பங்குக்கு சீல் வச்ச இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகத்தைச் சுட்டுக் கொன்னாங்க. கோலார் தங்கவயல்காரர். வயசு 27தான். நம்ம வண்டி மேட்டுல இழுக்கலையேன்னு நாம சலிச்சுக்கிட்ட விஷயத்துக்கு அந்தப் பக்கம் அவ்வளவு பணம் இருந்திருக்கு.

அப்புறம் துரு. இது தனிக் காலம்னு இல்ல, வண்டிக்கு வயசானா வர்றது. பாதி டேங்க்ல நிறுத்தி வச்ச வண்டிக்குள்ள ராத்திரிக் குளிருக்கு ஈரம் படிஞ்சு, மேல் பாதி துருப்பிடிக்கும். டேங்குக்குள்ள சரளைக் கல்லோ சின்ன நட்டோ போட்டு, கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி, ரெண்டு பேர் பிடிச்சு ஆட்டுவாங்க. நல்ல வைத்தியம்தான், போட்ட நட்டை எண்ணி எடுத்தீங்கன்னா. துருவுக்குப் பயந்து டியூப் நடுவுல ஃபில்டர் போடுறாங்க. போடலாம், ஆனா பம்பு வச்ச வண்டிக்கான காகித ஃபில்டரை மாட்டாதீங்க. பம்பு தள்ளுற வேகம் வேற, ஒரு சாண் உயரத்தோட கனம் வேற. அடைப்பு வரக்கூடாதுன்னு மாட்டுனதே அடைப்பா நிக்கும்.

இப்ப நடக்குற காலத்துக்கு வர்றேன். எனக்கு நேரடியா சம்பந்தம் உள்ளதும் இதுதான். 2003ல் 9 மாநிலங்கள்ல பெட்ரோல்ல 5 சதவீதம் எத்தனால் கலக்கத் திட்டம் போட்டாங்க. ரொம்ப நாளுக்கு அது பேருக்குத்தான் இருந்துச்சு. 2013-14ல் கூட கலந்தது ஒன்றரை சதவீதம்தான். அப்புறம் வேகம் பிடிச்சுது. 2022 ஜூன்ல 10 சதவீதம், 2025ல் 20 சதவீதம். முதல்ல எத்தனால் சர்க்கரை ஆலை மொலாசஸ்ல இருந்து வந்துச்சு, பிறகு கரும்புச் சாறு, உடைஞ்ச அரிசி, இப்ப மக்காச்சோளம்.

மக்காச்சோளம் எங்க மாவட்டத்துப் பயிர். 2018ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்னுட்டுப் போனப்ப இனி இதை விட்டுடலாமான்னு யோசிச்சவங்கதான் நாங்க. எத்தனாலுக்கு வாங்குறாங்கன்னு ஒரு கிராக்கி வந்தது எங்களுக்கு நல்லதுதான், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த மக்காச்சோளம் சாராயமாகி, பெட்ரோல்ல கலந்து, எங்க இருபத்தஞ்சு வருஷ வண்டி டேங்குக்கே திரும்பி வருது. அந்த வண்டியோட ரப்பர் டியூப்பும் டேப் வாஷரும் மிதவை ஊசி முனையும் இந்தக் கலவையை நினைச்சு செஞ்சது இல்ல. பழைய ரப்பர் உப்பும், அப்புறம் வெடிக்கும். டியூப் உள்பக்கம் கரைஞ்சு கருப்பு மாவா ஜெட்டுல வந்து உக்காரும். கார்ப்ரேட்டர் கிண்ணத்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி பூக்கும். பல வருஷமா டேங்க்ல படிஞ்சு கிடந்த பிசினையும் எத்தனால் கரைச்சு எடுத்து ஒரே நாள்ல கீழ அனுப்பிடும்.

தண்ணி விஷயமும் மாறிப் போச்சு. முந்தி தண்ணி தனியா அடியில நிக்கும், கிண்ணத்தைக் கழட்டிக் கொட்டிடலாம். எத்தனால் தண்ணியை உறிஞ்சித் தனக்குள்ள வச்சுக்கும். அளவு மீறினா ரெண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில இறங்கும். நாலு சொட்டாத் தேங்குனது இப்ப ஒரு டம்ளராத் தேங்கும், அதுவும் ரிசர்வ் குழாய் வாயிலேயே.

மைலேஜ் 3, 4 சதவீதம் குறையும்னு, பழைய வடிவமைப்பு ரெண்டு சக்கர வண்டிக்கு நிதி ஆயோக் 2021ல் போட்ட அறிக்கையிலேயே இருக்கு. கார் வச்சிருக்கிறவங்க டிவியில விவாதம் பண்றாங்க. எங்க ஊர்ல காலையில ஆறு மணிக்குள்ள சொசைட்டியில பால் ஊத்தணும். வண்டி நடுவழியில நின்னா அன்னைக்குப் பால் திரும்பி வீட்டுக்குத்தான் வரும், மூணு மாட்டுக்காரருக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. புது வண்டி வாங்குன்னு சொல்றது சுலபம். டியூப், டேப் வாஷர், மிதவை ஊசி மூணையும் எத்தனாலுக்குத் தாங்குற ரகமாப் பாத்து மாத்துறதுதான் இப்ப அவங்களால முடிஞ்சது. கடையில கேட்டு வாங்குங்க, கருப்பா இருக்கிற டியூப் எல்லாம் ஒண்ணு இல்ல. மாத்தினப்புறமும் வருஷத்துக்கு ஒரு தடவை டியூப்பை மடக்கிப் பாத்து, வெடிப்பு தெரிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க. சூடான இஞ்சின் மேல பெட்ரோல் சொட்டுறது மைலேஜ் பிரச்சனை இல்ல, நெருப்புப் பிரச்சனை.

2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 விதி வந்ததும் பெரும்பாலான புது வண்டிங்க ஊசி வழியா பெட்ரோல் தெளிக்கிற முறைக்கு மாறுச்சு. பால்காரர் வண்டியான எக்ஸ்எல் 100 கூட மாறிடுச்சு. டேங்குக்குள்ள கரண்ட்டுல ஓடுற பம்பு. டேப் இல்ல, ரிசர்வும் இல்ல. விளக்கு மினுக்குனா பெட்ரோல் போடணும், அவ்வளவுதான். அந்தப் பம்பு பெட்ரோல்ல மூழ்கியே சூடு தணியுற சாமான், அதனால பழைய பழக்கத்துல கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டுனா பம்பு போயிடும். நின்னா வண்டியை டவுனுக்கு ஏத்திட்டுத்தான் போகணும். எங்க ஊர்ல ஒரு பையன் புது வண்டியில குனிஞ்சு டேப்பைத் தேடுனதை நானே பாத்தேன், அவங்க அப்பா வண்டி ஓட்டிப் பழகுன கை.

பழைய வண்டியை மழைக்காலம் முழுக்க நிறுத்தப் போறீங்கன்னா, பாதி டேங்க்ல விடாதீங்க. முழுசா வடிச்சுடுங்க. டேப் சல்லடையைக் கழட்டிக் கழுவுங்க. கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்குற திருகைத் திறந்து அதையும் காலி பண்ணிடுங்க. டேங்குக்குள்ள கொஞ்சம் இஞ்சின் ஆயில் ஊத்தி நாலு பக்கமும் உருட்டி விடுங்க. தை மாசம் எடுக்கும்போது அந்த ஆயிலை வடிச்சுட்டு, புதுப் பெட்ரோல் ரெண்டு லிட்டர் ஊத்தி, டியூப்பைக் கழட்டி ஒரு பாட்டில்ல கொட்டுறதைப் பாத்துட்டு அப்புறம் கிக்கரை உதைங்க.